கொப்பி எங்கே இருக்கும்? கொட்டியாரத்துக் கிராமங்கள் யாரோடு கூட்டுச் சேரலாம்

சிறுபோக வெள்ளாமை வெட்டி முடிந்த கையோடு, திருகோணமலை மாவட்டத்துக் கொட்டியாரத்தில், கிளிவெட்டிப் பக்கம் ஒரு பொதுக் கட்டடத்தில் எங்கள் ஐந்து சங்கங்கள் கூடின. இரண்டு விவசாய சம்மேளனங்கள், ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், பால் கறக்கிறவர்களின் சங்கம் ஒன்று, ஈச்சிலம்பற்றிலிருந்து கச்சான் செய்கிறவர்களின் சங்கம் ஒன்று. தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் கலந்திருந்தன. சேருவில பக்கமிருந்து இரண்டு சிங்களக் கமக்காரர்கள் கேட்டுவிட்டுப் போக வந்திருந்தார்கள். பேச வேண்டிய விடயம் ஒன்றுதான். தனித்தனியாக நின்று இதற்கு மேல் போக முடியாது. அப்படியானால் யாரோடு சேர்வது?

அதில் ஒரு சம்மேளனத்துக்கு நான் பொருளாளர். எங்களுக்கு முன்னால் இருந்த வழிகளை எழுதிக்கொண்டு போய் ஒரு மணித்தியாலம் விளக்கினேன். முடிந்ததும் பின்வரிசையிலிருந்த ஓர் ஆச்சி கேட்டார்: "தம்பி, நீங்க சொல்றதெல்லாம் சரி. கணக்குக் கொப்பி எங்க இருக்கும்?"

நான் கொண்டுபோன தாளில் அதற்குப் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து எல்லா வழிகளையும் அந்த ஒரு கேள்வியை வைத்துத் திரும்பவும் பார்த்தேன். பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். குச்சவெளியிலோ தம்பலகாமத்திலோ வாகரையிலோ இதே முடிவை எடுக்க நிற்கிற சங்கங்களுக்கும் இது உதவலாம்.

முதலில் எங்கள் தேவையைச் சொல்லிவிடுகிறேன். வெட்டுக் காலத்தில் நெல் விலை விழுகிறது. வட்டைக்கே, அதாவது வயல்வெளிக்கே, லொறி வருகிறது, ஈரப்பதன் என்று சொல்லி மூடைக்கு இத்தனை கிலோ கழிக்கிறார்கள். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுக்க வேண்டுமானால் ஈரப்பதன் 14 வீதத்துக்குள் இருக்க வேண்டும். மாரி வெட்டில் காயப்போடத் தளம் இல்லாதவன் அந்தக் கணக்கை எப்படித் தொடுவான்? பால் காலையில் கறந்து பத்து மணிக்குள் போகாவிட்டால் திரிந்துவிடும். கச்சான் கோதோடு சாக்கில் போகிறது; வறுத்து, உடைத்து, பொதி செய்து கிடைக்கிற இலாபம் வேறு ஊரில் தங்குகிறது. ஒரு களஞ்சியம், ஒரு காயவைக்கும் தளம், ஒரு பால் குளிரூட்டும் தாங்கி, ஒரு பட்டா வாகனம் (சின்ன லொறி). இந்த நாலும் எந்த ஒரு கிராமத்துக்கும் தனியாகக் கட்டுப்படியாகாது. ஐந்தாறு கிராமத்துக்குக் கட்டுப்படியாகும்.

அப்போது "பிரதேசம்" என்று எதைச் சொல்கிறோம் என்ற கேள்வி வருகிறது. எங்கள் மாவட்டத்தில் 11 பிரதேச செயலகப் பிரிவுகள். ஆங்கிலேயர் காலத்தில் பட்டினமும் சூழலும் போக மூன்று பற்றுகள்தான் இருந்தன: வடக்கே கட்டுக்குளப்பற்று, நடுவே தம்பலகாமப்பற்று, கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே எங்கள் கொட்டியாரப்பற்று. பழைய எல்லைகள் புனிதமானவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை பெரும்பாலும் தண்ணீரைப் பின்பற்றிப் போனவை. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் தம்பலகாமத்து வயலுக்கு வருகிறது. மாவிலாற்றுத் தண்ணீர் சேருவில, மூதூர், ஈச்சிலம்பற்று மூன்றுக்கும் வருகிறது. கொட்டியாரப்பற்று இன்றைக்கு மூதூர், சேருவில, வெருகல் (ஈச்சிலம்பற்று இருக்கிற பிரிவு) என்று மூன்று பிரிவாக, மூன்று சபையாக, மூன்று அலுவலகமாக இருக்கிறது. வாய்க்கால் மட்டும் ஒன்றாக இருக்கிறது. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டபோது யாருடைய வயல் யாருடைய தண்ணீரில் தங்கியிருக்கிறது என்று நாட்டுக்கே தெரிந்தது. அதற்குப் பிறகு போரில் நடந்தவை எல்லாம் எங்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறது. நான் அதற்குள் போகவில்லை.

ஆகவே கூட்டு எதுவானாலும் அது வாய்க்காலின் தலைப்பக்கத்து ஊரையும் கடைப்பக்கத்து ஊரையும் சேர்த்ததாக இருக்க வேண்டும் என்பது என் முதல் நிபந்தனை. மொழியால் ஒன்றான ஊர்களை மட்டும் சேர்த்தால் கூட்டம் நடத்துவது இலகு. தண்ணீர்ப் பங்கீடு, மாடு அவிழ்ப்பது, விதைப்புத் தேதி என்று எதையும் அந்தக் கூட்டத்தால் தீர்க்க முடியாது.

திட்டத்தோடு சேர்வது

எங்களுக்கு அதிகம் பழகிய வழி இது. ஒரு தொண்டு நிறுவனமோ வெளிநாட்டு உதவித் திட்டமோ வருகிறது, சங்கங்களைச் சேர்க்கிறது, பயிற்சி, இயந்திரம், கட்டடம் கொடுக்கிறது. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கொட்டியாரக் குடாவைச் சுற்றி இது வெள்ளம்போல வந்தது. தொழில் செய்யாதவர் வீட்டு முற்றத்திலும் படகு நின்றதை நான் கண்டிருக்கிறேன். மீள்குடியேற்றத்தின்போது இன்னொரு அலை வந்தது.

நன்றியில்லாமல் எழுத எனக்கு மனமில்லை. வாய்க்கால் திருத்தியது, கிணறு இறைத்தது, மாதர் சங்கத்துக்குச் சுழல்நிதி கொடுத்தது எல்லாம் அந்தப் பணம்தான். எங்கள் ஊர்ப் பெண்கள் பலர் முதன்முதலாகக் கூட்ட அறிக்கை எழுதப் பழகியதும் அந்தக் காலத்தில்தான். இன்றைக்கு எங்கள் மாதர் சங்கச் செயலாளர் எழுதுகிற அறிக்கையைப் போல என்னால் எழுத முடியாது.

ஆனால் கொப்பி எங்கே இருந்தது? ஒரு திட்டத்தில் எங்கள் ஊருக்கு அரைக்கும் இயந்திரம் ஒன்று கிடைத்தது. நிறுவனத்தின் பெயரைச் சொல்வதில் பிரயோசனம் இல்லை. வந்தவர்கள் நல்ல பிள்ளைகள். எவ்வளவு செலவானது, உத்தரவாதப் பத்திரம் யாரிடம், உதிரிப்பாகம் எங்கே எடுப்பது என்ற விபரம் எல்லாம் அவர்களுடைய அலுவலகக் கோப்பில் இருந்தது. மூன்றாம் வருடம் திட்டம் முடிந்து அலுவலகம் மூடப்பட்டது. மோட்டார் எரிந்தபோது யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அந்த இயந்திரம் சாக்குப் போர்த்தியபடி இருந்து துருப்பிடித்தது.

திட்டத்துக்கு ஓர் ஆயுள் இருக்கிறது. இரண்டு வருடமோ ஐந்து வருடமோ. களஞ்சியமும் வாகனமும் அதற்குப் பிறகும் ஓட வேண்டும். அதனால் திட்டத்தோடு சேர்வதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் வருகிறபோது எங்களிடம் ஏற்கெனவே ஒரு கூட்டு இருக்க வேண்டும், கொடுக்கிற பொருள் அந்தக் கூட்டின் பெயரில் பதியப்பட வேண்டும் என்கிறேன். அவர்கள் வந்து கட்டித் தருகிற கூட்டு அவர்களோடு போய்விடும்.

கம்பனியோடு சேர்வது

கூட்டத்தில் இளம் பிள்ளைகள் அதிகம் விரும்பியது இதைத்தான். காரணம் விளங்குகிறது. கம்பனி காசோடு வருகிறது, வாகனத்தோடு வருகிறது, விலையை முன்கூட்டியே சொல்கிறது. விதையும் உரமும் கடனாகத் தரும். பாலுக்கு ஏற்கெனவே அப்படித்தான் நடக்கிறது. சேகரிக்கிறவர் வந்து அளந்து, கொழுப்புப் பார்த்து எடுத்துப் போகிறார்.

2021இல் இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டபோது எங்கள் வயல் மஞ்சளாகி நின்றதை மறக்க முடியாது. அந்தப் போகத்தில் கையில் காசு வைத்திருந்த யாராவது விலையை உறுதி சொல்லி வந்திருந்தால் நாங்கள் எல்லோரும் கையெழுத்து வைத்திருப்போம். ஆபத்தான நேரத்தில் கம்பனியின் பலம் பெரிதாகத் தெரிகிறது. ஒப்பந்தம் அப்படியான நேரத்தில் எழுதப்படுவதுதான் எனக்குப் பயம். தனித்தனிக் கமக்காரனாக நூறு பேர் ஒரு கம்பனியோடு கையெழுத்து வைத்தால், பேரம் பேசுகிற பலம் அந்த நூறு பேருக்கும் இல்லை. தரம் பிரிக்கிறது அவர்கள், நிறுக்கிறது அவர்கள், விலை நிர்ணயிக்கிறது அவர்கள். கொப்பி கொழும்பில்.

வடக்கில் போருக்குப் பிறகு வேறு விதமாக ஒன்று நடந்தது. சர்வதேச தொழிலாளர் அமைப்பின் துணையோடு வவுனியா வடக்குப் பப்பாளிச் செய்கையாளர்கள் முதலில் கூட்டுறவாகச் சேர்ந்தார்கள். ஏற்றுமதிக் கம்பனி பழத்தை அந்தக் கூட்டுறவு ஊடாக வாங்கியது. கம்பனி எதிரில் உட்கார்ந்து பேசியது ஓர் அமைப்போடு. இந்த வேறுபாடு சின்னதாகத் தெரியலாம், ஆனால் தராசு யார் கையில் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது.

பெரிய கம்பனி, பெரிய முதலீடு என்றால் எங்கள் பக்கத்துச் சம்பூரையும் சொல்ல வேண்டும். நிலக்கரி மின்நிலையத் திட்டம் 2016இல் கைவிடப்பட்டது. அங்கே சூரிய மின் நிலையத்துக்கு 2025 ஏப்ரலில் வேலை தொடக்கி வைக்கப்பட்டது. எண்ணெய்த் தாங்கிகளுக்கு 2022 ஜனவரியில் ஒப்பந்தம். இவையெல்லாம் திருகோணமலை என்ற பெயரில் நடக்கிற கூட்டுகள். அந்த மேசையில் எங்கள் சங்கங்களுக்குக் கதிரை இல்லை. அதனால் நாங்கள் எடுக்க வேண்டிய முடிவில் அவற்றை நான் சேர்க்கவில்லை. ஆனால் ஒன்று: சம்பூரிலோ கட்டைபறிச்சானிலோ வேலைக்காரருக்குச் சாப்பாடும் மரக்கறியும் தேவைப்படும் நாளில், அதைக் கொடுக்க ஒரு பதிவு செய்த அமைப்பு இருந்தால் கொட்டியாரத்து மரக்கறி அங்கே போகும். இல்லாவிட்டால் தம்புள்ளையிலிருந்து வரும்.

சபையும் கச்சேரியும்

பிரதேச சபைகள் சேர்ந்து செய்யலாமே என்று ஓர் ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த சபைகள் எங்கள் வாக்கில் உருவாகின்றன. கிராம வீதி, சந்தை, பொதுக்காணி அவற்றிடம் இருக்கிறது. கொப்பியும் தூரத்தில் இல்லை, சபைக்கு நடந்து போகலாம்.

சிக்கல் வேறு. 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2025 மே 6இல்தான் நடந்தது. இடைப்பட்ட இரண்டு வருடம் செயலாளர்தான் சபை. மாகாண சபையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. கமத்தொழிலும் கூட்டுறவும் கிராம அபிவிருத்தியும் மாகாணத்துக்குரிய விடயங்கள் என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. அந்த விடயங்களைக் கேள்வி கேட்க எங்களால் தெரிவான ஆள் எட்டு வருடத்துக்கு மேலாக இல்லை. பாலைச் சேகரிக்கிற வேலையை இப்படியான நாற்காலியில் கட்டி வைக்க எனக்குத் துணிவில்லை.

சபைகளுக்கிடையில், திணைக்களங்களுக்கிடையில் பொறுப்பு விழுந்துபோகிற இடத்தை நாங்கள் மிகக் கொடுமையாகப் பார்த்திருக்கிறோம். கிண்ணியாப் பக்கத்துக் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாமல் இருந்தபோது, 2021 நவம்பர் 23 காலையில், பாடசாலைக்குப் போன பிள்ளைகளோடு பாதை (ஆட்களை அக்கரைக்கு ஏற்றும் மிதவை) கவிழ்ந்தது. அந்தப் பிள்ளைகளின் பெயரை வைத்து வாதாட நான் விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன்: இரண்டு கரையும் பல அதிகாரிகளும் தொடுகிற ஒரு வேலைக்கு ஆரம்பத்திலேயே ஒரு பொறுப்பாளியை எழுத்தில் வைக்க வேண்டும். எங்கள் பால் வண்டி பாலத்தைத் தாண்டுகிற விடயமானாலும் அப்படித்தான்.

கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகத்தின் வழி, இன்னும் சுருக்கம். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் போய்ச் சொன்னால் அறிக்கையில் ஏறும். வருட இறுதியில் நிதி வந்தால் கட்டடம் எழும்பும். கட்டடத்துக்கு நல்ல வழி. கட்டடத்துக்குள் நடக்கிற வியாபாரத்துக்கு அது வழி இல்லை. கிராம அபிவிருத்திச் சங்கங்கள் சிறு ஒப்பந்தங்களை நேரடியாக எடுத்துச் செய்வது நல்ல பழக்கம், அதைத் தொடரலாம்.

சமாசம்

இனி நான் விரும்புகிற வழிக்கு வருகிறேன். விரும்புகிறேன் என்பதால் அதன் குறைகளைத்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் தன் பெயரில் நிற்கும். அவை சேர்ந்து மேலே ஒரு சமாசம் அமைக்கும். களஞ்சியமும் குளிரூட்டும் தாங்கியும் வாகனமும் சமாசத்தின் பெயரில். கடற்றொழிலாளர் சங்கங்களுக்கு இது புதிதில்லை. கரையோர ஊர்களில் சமாசம் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது. சட்டம் 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம். ஊர்ச் சங்கத்தில் ஆளுக்கு ஒரு வாக்கு. பத்து ஏக்கர்க்காரனுக்கும் ஒரு வாக்கு, இரண்டு மாடு வைத்திருக்கிற பெண்ணுக்கும் ஒரு வாக்கு.

கூட்டத்தில் இதைச் சொன்னதும் வயதானவர்கள் முகம் மாறியதை நான் கவனித்தேன். அவர்களுக்குக் கூட்டுறவு என்றால் வரிசை, கூப்பன், சீனி இல்லை என்ற பதில், கட்சிக்காரர் நிரம்பிய பணிப்பாளர் சபை. அந்த ஞாபகம் பொய்யில்லை. 1971இல் நாடு முழுவதும் சின்னச் சின்னச் சங்கங்களை இணைத்துப் பெரிய பலநோக்குச் சங்கங்களாக்கினார்கள். நிருவாகத்துக்கு அது வசதியாக இருந்திருக்கலாம். தன் ஊர்ச் சங்கத்தின் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்த அங்கத்தவனுக்கு அது தூரத்து நகரத்து அலுவலகமாகிவிட்டது. சங்கம் யாருடையது என்று கேட்டால் "அரசாங்கத்தினுடையது" என்று எங்கள் அப்பா தலைமுறை சொல்லும். சட்டத்தில் கூட்டுறவு ஆணையாளருக்கு இருக்கிற அதிகாரமும் பெரியது: விசாரணை நடத்தி, தெரிவான நிருவாகத்தைக் கலைத்து, வேறு ஆட்களை நியமிக்கலாம். கள்ளனைப் பிடிக்கவும் அது உதவும், அரசியலுக்கும் உதவும்.

இன்னொரு குறை, வேகம் இல்லை. பொதுச்சபை கூட்டி, அறிவித்தல் கொடுத்து, தீர்மானம் எழுதி, கணக்காய்வுக்கு அனுப்பி முடிவதற்குள் லொறிக்காரன் மூன்று வட்டை நெல்லை ஏற்றிவிடுவான். இதற்கு வழி முகாமையாளர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பதுதான். சம்பளம் கொடுக்க மனம் வராத சங்கங்கள்தான் எங்கள் பக்கம் அதிகம். செயலாளர் சும்மா வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்போம், பிறகு அவர் களவெடுக்கிறார் என்று சந்தேகப்படுவோம். இது மாறாவிட்டால் எந்தக் கூட்டும் ஓடாது. இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அப்படியிருந்தும் ஏன் சமாசம்? பாலை வைத்துச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் இது தெளிவாகத் தெரிகிறது.

கொட்டியாரத்தில் எருமை நிறைய. சட்டித் தயிருக்குப் பெயர்போன பக்கம் இது, கிண்ணியாவும் தம்பலகாமமும் அப்படித்தான். பெரும்போகம் விதைத்ததும் பட்டிகளை வயலை விட்டு மேட்டுக்கும் காட்டுப் பக்கத்துக்கும் கொண்டுபோக வேண்டும். அந்த மாதங்களில் பால்காரர் வேறு பிரிவில், வேறு மொழி பேசுகிற ஊருக்குப் பக்கத்தில் இருப்பார். அவருடைய பாலைச் சேகரிக்க வாகனம் ஊர் எல்லையைத் தாண்ட வேண்டும். மேய்ச்சல் தரைக்குப் பேச வேண்டும். பயிருக்குள் மாடு இறங்கினால் நட்டம் பேச வேண்டும். வயல்காரனும் பட்டிக்காரனும் ஒரே அமைப்பில் உறுப்பினராக இருந்தால் அந்தப் பேச்சு உள்ளே நடக்கும். இரண்டு அமைப்பாக இருந்தால் பொலிசில் நடக்கும். இந்த வேலையைக் கம்பனி செய்யாது, தொண்டு நிறுவனம் செய்ய முடியாது, ஒரு பிரதேச சபையின் எல்லைக்குள் அது அடங்காது.

குஜராத்தில் கேடா மாவட்டத்துப் பால்காரர்கள் 1946இல் செய்ததைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். ஒரே ஒரு வாங்குபவனிடம் மாட்டிக்கொண்டிருந்த ஊர்கள் அவை. ஊருக்கு ஒரு சங்கம், மாவட்டத்துக்கு ஓர் ஒன்றியம் என்று கட்டினார்கள். அமுல் அதிலிருந்து வந்தது. எருமைப்பாலில் பால்மா செய்ய முடியாது என்று சொல்லப்பட்ட காலத்தில், 1955இல் ஆனந்தில் செய்து காட்டினார்கள். அந்தப் பெரிய பெயரைப் பார்த்து ஆசைப்படச் சொல்லி இதை எழுதவில்லை. அங்கே ஒவ்வோர் ஊரிலும், கறந்தவர் முன்னாலேயே பாலை அளந்து, கொழுப்புப் பார்த்து, எழுதி, காசு கொடுத்தார்கள். கொப்பி ஊரிலேயே இருந்தது. எனக்குப் பிடித்த பகுதி அதுதான்.

ஐரோப்பாவிலிருந்தும் ஒரு விதியைக் கடன் வாங்கலாம் என்று நினைக்கிறேன். 1991 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் லீடர் என்ற கிராம அபிவிருத்தி முறை இருக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஊர்களின் சபைகள், வியாபாரிகள், சங்கங்கள் சேர்ந்து ஓர் உள்ளூர்க் குழு அமைத்து, தங்கள் பகுதிக்கு எது தேவை என்று தாங்களே முடிவு செய்து நிதியைப் பங்கிடுகிறார்கள். 2013இல் வந்த ஒழுங்குவிதி, முடிவெடுக்கும்போது அரச தரப்புக்கோ வேறெந்த ஒரு தரப்புக்கோ 49 வீதத்துக்கு மேல் வாக்கு இருக்கக்கூடாது என்றது. எங்கள் பக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான விதியை நான் கேள்விப்பட்டதில்லை. நெல்லுக்காரர் பாலுக்காரரை அமுக்காமல் இருக்கவும், ஓர் இனத்து ஊர்கள் இன்னோர் இனத்து ஊர்களை வாக்கால் தோற்கடிக்காமல் இருக்கவும், சமாசத்தின் உபவிதியில் இதை முதல் நாளே எழுதலாம். எந்தத் தொழிலுக்கும் எந்தப் பிரிவுக்கும் பாதி வாக்கு இல்லை. அவ்வளவுதான். எழுத ஒரு வரி; எழுதாமல் விட்டால் பத்து வருடத்துச் சண்டை.

சரி, இப்படியெல்லாம் பார்த்துவிட்டு நான் எங்கே நிற்கிறேன்? சமாசத்தைப் பதிவு செய்வோம். கம்பனியை வாங்குபவனாக மட்டும் வைத்திருப்போம். பங்காளியாக வேண்டாம், குறைந்தது முதல் மூன்று வருடத்துக்காவது. ஒரே கம்பனிக்கு எல்லாப் பாலையும் கொடுக்காமல், ஒரு பங்கைத் தயிராக்கி நாங்களே மூதூரிலும் பட்டினத்திலும் விற்போம். பிரதேச சபையிடம் காணியும் சந்தையில் இடமும் குத்தகைக்குக் கேட்போம், எழுத்தில். தொண்டு நிறுவனம் வந்தால் இயந்திரத்தை வரவேற்போம், அது சமாசத்தின் சொத்துப் பதிவேட்டில் ஏறும் என்ற நிபந்தனையோடு. கச்சேரியிடம் களஞ்சியத்துக்கு விண்ணப்பிப்போம்.

ஐந்து சங்கத்தில் நாலு இதற்குச் சம்மதம். கச்சான் சங்கம் இன்னும் யோசிக்கிறது. அவர்கள் யோசிப்பதில் நியாயம் இருக்கிறது என்பதையும் எழுத வேண்டும். ஈச்சிலம்பற்றிலிருந்து கிளிவெட்டிக்கு வந்து போக அரை நாள் போகும். கூட்டம் பின்னேரம் வைத்தால் பெண்கள் திரும்பிப் போக பஸ் இல்லை. ஆச்சி கேட்ட கேள்வியை அவர்கள் இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோய்க் கேட்கிறார்கள்: கொப்பி கிளிவெட்டியில் இருந்தால் அது எங்களுக்கும் பக்கமா?

அதற்கு இப்போது மேசையில் இரண்டு யோசனைகள் இருக்கின்றன. ஒன்று, சமாசத்தின் மாதக் கணக்கை இரண்டு மொழியிலும் எழுதி ஒவ்வொரு சங்கத்தின் சுவரிலும் ஒட்டுவது. கொப்பியின் பிரதி ஒன்று ஈச்சிலம்பற்றில் இருப்பது. மற்றது, கூட்டத்தைச் சுழற்சியாக வைப்பது: ஒரு மாதம் கிளிவெட்டி, ஒரு மாதம் தோப்பூர், ஒரு மாதம் ஈச்சிலம்பற்று, எப்போதும் காலை ஒன்பது மணிக்கு. சேருவில பக்கத்து இருவரும் போகும்போது, சிங்களத்தில் உபவிதி கிடைத்தால் தங்கள் சம்மேளனத்தில் வாசித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள். மொழிபெயர்க்க எங்கள் ஊர் ஆசிரியை ஒருவர் பொறுப்பெடுத்திருக்கிறார்.

குளிரூட்டும் தாங்கியை வெருகல் பக்கம் வைப்பதா மூதூர் பக்கம் வைப்பதா என்பது இன்னும் தீரவில்லை. பால் அதிகம் சேர்கிற இடம் போகத்துக்குப் போகம் மாறுகிறது. பட்டி வைத்திருக்கிறவர்கள் எந்த மாதம் எங்கே நிற்கிறார்கள், எத்தனை லீற்றர் கறக்கிறார்கள் என்று பெரும்போகம் முடியும்வரை எழுதி வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறோம். எழுதத் தெரியாதவர்களுக்கு மாதர் சங்கத்துப் பிள்ளைகள் எழுதிக் கொடுப்பார்கள். மாரி வெட்டுக்குப் பிறகு முதல் கூட்டம் ஈச்சிலம்பற்றில்.